செயற்கைக்கோள் காட்டும் பச்சை எல்லாம் மேய்ச்சல் அல்ல

எந்த நிலத்தில் மாடு வளர்க்கலாம், எந்த ஊரில் தேன் பெட்டி வைக்கலாம் என்று முடிவெடுக்க இப்போது செயற்கைக்கோள் வரைபடங்கள் கைகொடுக்கின்றன. நிலப் பயன்பாடு, சரிவு, நீர்நிலை, சாலை, மழை என ஒவ்வொன்றையும் ஓர் அடுக்காக்கி ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், ஏற்ற இடத்தைக் கணினி நிறம் தீட்டிக் காட்டிவிடும். நல்ல கருவிதான். அதன் நிறங்களைப் படிக்கும்போதுதான் சறுக்குகிறோம்.

நம்பிக்கை: பச்சையாகத் தெரிந்தால் தீவனம் இருக்கிறது.

இலை சிவப்பொளியை எவ்வளவு விழுங்குகிறது, அகச்சிவப்பை எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்பதைக் கொண்டுதான் பசுமைக் குறியீடு கணக்கிடப்படுகிறது. அந்த இலையை ஆடு தின்னுமா என்ற கேள்விக்கு அதில் இடமில்லை. ராமநாதபுரத்துக் கோடையில் பச்சை மாறாமல் நிற்பது பெரும்பாலும் சீமைக்கருவேலம். அதன் நெற்றுக்கு ஆடு ஓடிவரும், இலையைச் சீண்டாது. மலையடிவாரத்து உண்ணிச்செடிப் புதரும் படத்தில் அடர்பச்சைதான். அதைத் தின்ற மாட்டுக்கு ஈரல் கெடும், வெயில் பட்ட தோல் புண்ணாகி உரியும்.

காங்கேயம், மூலனூர் பக்கத்தில் கொரங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலத்தில் கதை நேர்மாறு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். கோடையில் புல் காய்ந்துவிட்டால் மேலிருந்து பார்க்கிறவருக்கு அது வெறும் பொட்டல். உள்ளே மாடு காய்ந்த புல்லை மேய்ந்துகொண்டு, வெள்வேல மரத்தடியில் உதிர்ந்த காயைப் பொறுக்கித் தின்றுகொண்டிருக்கும். காங்கேயம் மாடு தழைத்ததே இந்த மேய்ச்சலில்தான். கோடைப் படம் ஒன்றை மட்டும் நம்பினால் இந்த நிலம் தரிசு என்று ஏட்டில் ஏறிவிடும். அப்படி ஏற விடக் கூடாது. மழைக்காலப் படத்தையும் சேர்த்துப் பார்த்தால் புல்லின் எழுச்சி தெளிவாகத் தெரியும்.

நம்பிக்கை: மாட்டுக்கு ஆகாத நிலம் தேனீக்கும் ஆகாது.

மேய்ச்சல் கணக்கில் கழித்த அதே சீமைக்கருவேலம் பூக்கும்போது மதுரமும் மகரந்தமும் தரும் மரம். மண்ணுக்கும் நீருக்கும் அது செய்யும் கேடு வேறு விஷயம். தேனீயைப் பொறுத்தவரை அது விருந்து. ஆகவே ஆட்டுக்கொரு வரைபடம், தேனீக்கொரு வரைபடம் வேண்டும்.

நம்பிக்கை: பூ எங்கே நிறைய இருக்கிறதோ அங்கேதான் தேன்.

கன்னியாகுமரி மாவட்டத்தைப் பாருங்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மார்த்தாண்டம் தேனில் பெரும்பங்கு ரப்பர் தோட்டத்திலிருந்து வருகிறது, அதுவும் பூவிலிருந்து அல்ல. டிசம்பர், ஜனவரியில் இலை உதிர்ந்து, புதுத் தளிர் விட்டபின், மூன்று சிற்றிலைகள் கூடும் காம்பு நுனியிலுள்ள சுரப்பிகளில் மதுரம் கசியும். பூ அடுக்கை மட்டும் வைத்துப் போட்ட வரைபடம் இந்த வளத்தைத் தவறவிடும். செயற்கைக்கோளின் உண்மையான பலம் தெரிவதும் இங்கேதான். சென்டினல்-2 ஒரே இடத்தைச் சுமார் 5 நாளுக்கொரு முறை, 10 மீட்டர் துல்லியத்தில் படமெடுக்கிறது, படங்களும் இலவசம். தோட்டம் இலை உதிர்ப்பதும் மறுபடி துளிர்ப்பதும் வரிசையாகப் பார்த்தால் புலப்படும். எந்தச் சரிவில் தளிர் முந்துகிறது என்று கண்டு பெட்டியை நகர்த்தலாம். ஆனால் மழைக்காலத்தில் அதே தோட்டம் பச்சைப்பசேல் என்றிருக்க, பெட்டிக்குள் பஞ்சம். சர்க்கரைப் பாகு ஊற்ற வேண்டியிருக்கும்.

நம்பிக்கை: வயல் என்று குறித்த இடம் மேய்ச்சலில் சேராது.

சேரும். சம்பா அறுவடை முடிந்த டெல்டா வயல்களில் கீதாரிகள் எனப்படும் ராமநாதபுரம், சிவகங்கை மேய்ப்பர்களின் ஆட்டுக் கிடை விழுகிறது. நிலத்துக்கு உரம், ஆட்டுக்குத் தாள்.

நம்பிக்கை: கணினி சொன்னால் அதில் பாரபட்சம் இருக்காது.

தண்ணீருக்கு எத்தனை மதிப்பெண், சாலைக்கு எத்தனை என்று தீர்மானிப்பவர் மனிதர். அந்த எண்ணை மாற்றினால் நிறமும் மாறும். மேய்ப்பவரையும் பெட்டி வைப்பவரையும் உட்காரவைத்துப் பேசித்தான் அந்த எண்களை இட வேண்டும் என்பேன்.

பேசினால்தான் கிடைக்கும் அடுக்கும் ஒன்று உண்டு. இந்தியத் தேனீ பெரும்பாலும் 1 கிலோமீட்டர் தொலைவுக்குள்தான் இரை தேடும். பெட்டி வைக்க நினைக்கும் இடத்தை நடுவாக வைத்து அந்த வட்டத்தைப் போட்டால் ஏறத்தாழ 314 ஹெக்டேர். அதற்குள் யார் தோட்டத்தில், எந்த மாதம், எந்த நேரத்தில் மருந்தடிக்கிறார்கள் என்பது எந்தச் செயற்கைக்கோள் படத்திலும் கிடைக்காது. வீடு வீடாகக் கேட்டு, அதையும் ஓர் அடுக்காக ஏற்றிய பிறகு பெட்டியை இறக்குங்கள்.