மணையும் மரத்தின் அசைவும்

நுழையும்முன்

தரையில் அமர்ந்து உண்ணும் வழக்கம் குறைந்துவிட்டபோதிலும், தமிழர் இல்லங்கள் பலவற்றில் மணை இன்றும் இருக்கிறது. திருமணத்தில் மணமக்கள் அமர்வதும், தீபாவளி நாளில் எண்ணெய் தேய்க்கப் பிள்ளைகளை அமர்த்துவதும் அதன்மேல்தான். ஊரிலிருந்து ஐதராபாத்திற்கு இடம்பெயரும் குடும்பங்கள் பாத்திரங்களோடு மணையையும் கொண்டுவருகின்றன. சில கோடைகள் கழிந்தபின் அதில் நீளவாக்கில் ஒரு வெடிப்புத் தோன்றுவதுண்டு. மரம் கெட்டுவிட்டது என்று எண்ணி அதைப் பரணில் போட்டுவிடுவோரும் உளர். வெடிப்பு ஏன் தோன்றுகிறது, வெடிக்காத மணையை வீட்டிலேயே செய்வது எப்படி, வெடித்த மணையைச் செப்பனிடுவது எப்படி என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

1. மரம் ஏன் அசைகிறது?

வெட்டி அறுத்துப் பலகையாக்கிய பின்னும் மரம் காற்றிலுள்ள ஈரத்தை ஏற்பதும் விடுவதுமாகவே இருக்கும். ஈரத்தை ஏற்கும்போது அது விரியும். ஈரத்தை இழக்கும்போது சுருங்கும். இம்மாற்றம் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவில் நிகழ்வதில்லை. பலகையின் நீளம் ஏறக்குறைய மாறாமலே இருக்கும், அகலமே மாறும்.

கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் காற்றில் ஆண்டு முழுவதும் ஈரம் மிகுதி. தக்காணப் பீடபூமியில் கடலிலிருந்து தொலைவில் அமைந்த ஐதராபாத்திலோ, ஏப்ரல், மே மாதங்களில் காற்று மிகவும் வறண்டிருக்கும். கடலோர ஊரில் செய்த 250 மில்லிமீட்டர் அகலமுள்ள தேக்கு மணை, இந்நகரின் கோடையில் 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை குறுகக்கூடும். இது சிறிய அளவே எனினும், மணையின் அடியில் குறுக்காக இரண்டு கட்டைகள் ஆணியால் இறுக்கப்பட்டிருக்கின்றன. குறுக்கே கிடக்கும் கட்டையின் நீளம் மாறுவதில்லை. மேலே உள்ள பலகையின் அகலமோ குறுக முயல்கிறது. ஆணிகள் இடங்கொடாமையால், இழுபடும் பலகை தன்னைத்தானே பிளந்துகொள்கிறது. எனவே வெடிப்புக்குக் காரணம் மரத்தின் குறை அன்று. அசைவதற்கு இடம் விடாமையே.

2. மரத்தைத் தேர்தல்

மரத்தின் நடுப்பகுதி அடர்ந்த நிறமும் உறுதியும் உடையது. அதனை வைரம் என்பர். வைரத்தைச் சூழ்ந்த வெளிர்நிறப் பகுதி வெளிறு எனப்படும். அதனைப் பூச்சி எளிதில் அரிக்கும். முதிர்ந்து உரம்பெற்ற உடலை ‘வைரம் பாய்ந்த கட்டை’ என்று கூறும் வழக்கு இதிலிருந்தே தோன்றியது. உள்ளே வைரம் உடையவற்றை மரம் என்றும், வெளியே வைரம் உடையவற்றைப் புல் என்றும் தொல்காப்பியத்தின் மரபியல் வகுத்துள்ளது.

தெலங்கானாவின் வடபகுதியிலுள்ள ஆதிலாபாத் காடுகள் தேக்கிற்குப் பெயர்பெற்றவை. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப்பசை இருப்பதால் கரையான் அதனை எளிதில் அணுகாது. எந்த மரமாயினும் நன்கு உலர்ந்திருத்தல் வேண்டும். வாங்கிய பலகையை உடனே அறுக்காமல், வீட்டினுள் காற்றோட்டமுள்ள இடத்தில் இரண்டு மூன்று வாரம் வைத்திருப்பது நலம். அப்போதுதான் பலகை அந்த வீட்டின் காற்றுக்குப் பழகும்.

விசயவாடாவுக்கு அருகிலுள்ள கொண்டபள்ளியின் பொம்மைக் கலைஞர்களும் இவ்வாறே செய்கின்றனர். அவர்கள் பயன்படுத்தும் பொணிகி என்னும் மென்மரத்தை நன்கு உலர்த்திய பின்னரே செதுக்குகின்றனர். உறுப்புகளைத் தனித்தனியே செதுக்கி, புளியங்கொட்டை மாவும் மரத்தூளும் கலந்த பசையால் ஒட்டுகின்றனர். ஈரம் எஞ்சிய மரத்தில் ஒட்டிய உறுப்பு நாளடைவில் கழன்றுவிடும் என்பதை அவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிவர்.

3. கருவிகளும் காப்பும்

அடுக்குமாடி வீட்டின் பலகணியே சிறு பட்டறைக்குப் போதுமானது. ரம்பம், இழைப்புளி, உளி, கொட்டாப்புளி, மூலைமட்டம், கைத்துரப்பணம், திருப்புளி, உப்புத்தாள் ஆகியவை தேவை. செகந்திராபாத்தின் ராணிகஞ்ச் கடைகளில் இவை அனைத்தும் கிடைக்கும்.

மழுங்கிய உளியே கையை மிகுதியாகக் காயப்படுத்தும். அதனை அழுத்தித் தள்ள வேண்டியிருப்பதால், வழுக்கும்போது வேகமாகப் பாயும். ஆகவே உளியைச் சாணைக்கல்லில் தீட்டிய பின்னரே தொடங்க வேண்டும். உளியைப் பிடிக்கும்போது இரண்டு கைகளும் அதன் கூர்முனைக்குப் பின்னால் இருத்தல் வேண்டும். தேக்கின் தூள் மூச்சுக்குழலை உறுத்துமாதலால் முகக்கவசம் அணிய வேண்டும். மாணவர்கள் பெரியவர் ஒருவர் உடனிருக்கும்போது மட்டுமே இவ்வேலையைச் செய்தல் வேண்டும்.

4. மணை செய்யும் முறை

தேவையான மரம்: 400 மி.மீ. நீளமும் 250 மி.மீ. அகலமும் 20 மி.மீ. தடிப்பும் உள்ள பலகை ஒன்று, 200 மி.மீ. நீளமும் 40 மி.மீ. அகலமும் 25 மி.மீ. தடிப்பும் உள்ள கட்டைகள் இரண்டு.

(அ) குறித்தல்: பலகையின் ஒரு விளிம்பை நேராக இழைத்து, அதனையே அடிப்படையாகக் கொண்டு மூலைமட்டத்தால் எல்லாக் கோடுகளையும் வரைதல் வேண்டும். ஒவ்வொரு கோட்டையும் வெவ்வேறு விளிம்பிலிருந்து அளந்தால் சிறு பிழைகள் ஒன்றுசேர்ந்து பெரிதாகும்.

(ஆ) அறுத்தல்: ரம்பம் செல்லும் தடத்திற்கும் தடிப்பு உண்டு. ஆதலால் கோட்டின்மீது அறுக்காமல், கழிவாகப் போகும் பக்கத்தில் கோட்டை ஒட்டி அறுத்தல் வேண்டும்.

(இ) இழைத்தல்: பூனையின் மயிரைத் தலையிலிருந்து வாலை நோக்கித் தடவினால் படியும்; எதிர்த்துத் தடவினால் சிலிர்க்கும். மரத்தின் ரேகையும் அத்தகையதே. இழைக்கும்போது சிம்பு பெயர்ந்தால், பலகையைத் திருப்பி எதிர்ப்புறமிருந்து இழைக்க வேண்டும்.

(ஈ) துளையிடுதல்: ஒவ்வொரு கட்டையிலும் மூன்று துளைகள் இட வேண்டும். நடுத்துளை திருகாணி செல்லும் அளவே இருக்கட்டும். இரு ஓரங்களிலும் உள்ள துளைகளைக் கட்டையின் நீளவாக்கில் 5 மி.மீ. கூடுதலாக நீட்ட வேண்டும். திருகாணியின் தலை தரையில் உராயாதவாறு, கட்டையின் அடிப்புறத்தில் வாஷர் தாராளமாக அமரும் அகலத்தில் 8 மி.மீ. ஆழமுள்ள குழியும் வேண்டும்.

(உ) பொருத்துதல்: கட்டைகளைப் பலகையின் அடியில், இரு முனைகளிலிருந்தும் சற்று உள்ளே, குறுக்காக வைத்து 32 மி.மீ. திருகாணிகளால் பிணைக்க வேண்டும். பலகையில் முன்கூட்டியே மெல்லிய துளை இட்டுக்கொண்டால் மரம் பிளவாது. ஓரத் திருகாணிகளை மிகையாக இறுக்குதல் கூடாது. கட்டைக்கும் பலகைக்கும் இடையே பசை தடவுதலும் கூடாது. கோடையில் பலகை குறுகும்போது ஓரத் திருகாணிகள் நீள்துளையில் நகர்ந்து இடங்கொடுக்கும். மழைக்காலத்தில் மீண்டும் பழைய இடத்தை நோக்கி நகரும்.

(ஊ) மெருகிடுதல்: உப்புத்தாளால் ரேகையின் போக்கிலேயே தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் பூச வேண்டும். மேற்புறம் மட்டும் பூசினால் அடிப்புறம் வழியே ஈரம் ஏறி இறங்கிப் பலகை வளையும். ஆகவே இருபுறமும் பூசுதல் வேண்டும். எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி வைத்தால் அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். அதனை வெட்டவெளியில் விரித்து உலர்த்திய பின்னரே அப்புறப்படுத்த வேண்டும்.

5. வெடித்த மணையைச் செப்பனிடுதல்

வெடிப்பில் உடனே மரத்தூள் பசையை அடைத்துவிடுதல் பலர் செய்யும் தவறு. மழைக்காலத்தில் பலகை விரியும்போது, அடைத்த பசை இடையில் நின்று தடுக்கும்; வெடிப்பு மேலும் நீளும். முதலில் அடிக்கட்டைகளின் ஆணிகளை மெல்லக் கழற்ற வேண்டும். கட்டு நீங்கியதும் வெடிப்புப் பெரும்பாலும் தானே ஒடுங்கும். பின்னர் அதனுள் மரப்பசையைச் செலுத்தி, பலகையைக் கிளாம்பால் இறுக்கி, ஒருநாள் முழுவதும் வைத்திருக்க வேண்டும். அதே பழைய கட்டைகளில் நீள்துளை இட்டு மீண்டும் பொருத்தினால், பாட்டியின் மணை ஐதராபாத்தின் கோடையிலும் நிலைக்கும். வெடிப்பு இருந்த இடத்தில் ஒரு மெல்லிய கோடு எஞ்சியிருக்கும். அதனால் மணைக்கு வலிமைக் குறைவு இல்லை.

தெரிந்து தெளிவோம்

ஐதராபாத்தின் புரானி ஹவேலியில் ஆறாம் நிசாம் மீர் மஹபூப் அலி கானின் (ஆட்சிக்காலம் 1869–1911) உடை அலமாரி உள்ளது. தேக்கினால் ஆன அது இரண்டு அடுக்குகளாக ஒரு நீண்ட கூடம் முழுவதும் நீள்கிறது. மேல் அடுக்கிற்குச் செல்லக் கையால் இயக்கும் மரத்தூக்கி ஒன்றும் அங்கு உண்டு. அகன்ற கதவுகளைத் தச்சர்கள் பொதுவாக ஒரே பலகையால் செய்வதில்லை. நான்கு பக்கமும் சட்டம் அமைத்து, அதன் உட்புறக் காடியில் நடுப்பலகையைப் பசையின்றிச் செருகுவர். பலகை காடிக்குள்ளேயே விரிந்தும் சுருங்கியும் கொள்ளும், சட்டம் அசையாது. காரைக்குடி வீட்டுக் கதவாயினும் ஐதராபாத் வீட்டுக் கதவாயினும் நுட்பம் ஒன்றே.

சொல்லும் பொருளும்

கொட்டாப்புளி – உளியின் தலையில் அடிக்கும் மரச்சுத்தி
மூலைமட்டம் – செங்கோணம் பார்க்கும் கருவி
சிம்பு – மரத்திலிருந்து பெயரும் மெல்லிய துண்டு
காடி – பலகை செருகுவதற்கான நீண்ட பள்ளம்
வெளிறு – மரத்தின் வைரமற்ற வெளிப்பகுதி

மொழிகளை ஒப்பிடுவோம்

தமிழில் உளி, தெலுங்கில் உலி, இந்தியில் சேனி.
தமிழில் சுத்தியல், தெலுங்கில் சுத்தி, இந்தியில் ஹதோடா.
தமிழில் இழைப்புளி, தெலுங்கில் சித்ரிக, இந்தியில் ரந்தா.
தமிழில் தச்சர், தெலுங்கில் வட்ரங்கி, இந்தியில் படயீ.

பயிற்சி

I. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. ஈரம் மாறும்போது பலகையின் எந்த அளவு மிகுதியாக மாறுகிறது?
2. வைரம், வெளிறு – வேறுபடுத்துக.
3. மழுங்கிய உளி ஏன் ஆபத்தானது?

II. விரிவான விடை எழுதுக.
1. ஓரத் துளைகளை நீட்டுவதன் காரணத்தைப் படம் வரைந்து விளக்குக.
2. வெடிப்பில் பசையை உடனே அடைப்பது ஏன் தவறு?

III. செயல்பாடு
வீட்டிலுள்ள பழைய மரப்பொருள் ஒன்றின் அகலத்தை மே மாத இறுதியிலும் ஆகஸ்டு மாத இறுதியிலும் ஒரே இடத்தில் அளந்து குறித்துக்கொள்க. அப்பொருள் எந்த ஊரில், யாருக்காகச் செய்யப்பட்டது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, ஒரு பத்தி அளவில் தமிழில் எழுதுக.