அறுவடை நெல்லும் அதன் ஈரமும்

கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய இடங்களின் கமக்காரர் முன்னாளில் வேளாண்மையைத் தாக்கத்தியால் வெட்டி, உப்பட்டியாகப் போட்டு, அது காய்ந்தபின் களவெட்டியிற் சூடு வைத்துப் பின்னரே மிதித்தனர். நெல் வீடு வருமுன் வெயிலும் காற்றும் அதன் ஈரத்திற் பெரும்பகுதியைப் போக்கிவிடும். இன்று வெட்டும் யந்திரம் காலையில் வட்டையில் இறங்கினால் மாலைக்குள் நெல் சாக்கில் இருக்கின்றது. கூலி மிச்சந்தான். ஆயினும், உப்பட்டியும் சூடும் செய்துவந்த உலர்த்தும் வேலையை இப்பொழுது எவரும் செய்வதில்லை. அறுவடைக்குப் பின் உண்டாகும் நட்டத்தின் வேர் இதுவே.

கதிரில் ஐந்தில் நான்கு பங்கு மணிகள் பொன்னிறமானதும் வெட்டலாம். அவ்வேளையில் நெல்லின் ஈரம் நூற்றுக்கு 20 முதல் 25 வரை இருக்கும். ஈரநெல் மூச்சு விடும். மூச்சினால் வெப்பம் உண்டாகும். இரவு கட்டிவைத்த சாக்கினுள் காலையிற் கையை நுழைத்துப் பாருங்கள், சூடு தெரியும். அவ்வாறு வெந்த நெல்லின் அரிசி மஞ்சளாகும், விதைநெல்லாயின் முளைக்காது. ஆதலால் வெட்டிய அன்றே, தவறினால் மறுநாளே, பரப்பிவிடல் வேண்டும்.

"காயவைத்தால் நிறை குறையுமே" என்று சொல்வோர் உளர். உண்மைதான். ஈரம் 20 உள்ள 1000 கிலோ நெல், ஈரம் 14 ஆகும்போது 930 கிலோவாகும். ஆனால் கணக்கை முழுதாகப் பார்த்தல் வேண்டும். ஈரநெல் கிலோ 100 ரூபா என வைத்துக்கொண்டால், உலர்ந்த நெல் 107 ரூபா 50 சதத்துக்கு விற்றால் அக்குறை சரியாகிவிடும். அதற்கு மேற்கிடைப்பதிற் காயவைத்த கூலி போக மிகுதி உங்களுடையது. 1971 இல் அமைந்த நெல் சந்தைப்படுத்தும் சபை முழு விலை கொடுக்கும் நெல்லுக்கும் ஈர எல்லை 14 ஆகும்.

தார் வீதியோரம் காயவைத்தால் கல்லும் மண்ணும் சேரும். வாகனச் சில்லு ஏறி மணி உடையும். படங்கில் இரண்டு விரலளவு கனத்துக்குப் பரப்பி, அரைமணிக்கொருமுறை கிளறுங்கள். உச்சிவெயிலிற் கடுஞ்சூடு பட்டால் மணியின் உள்ளே வெடிப்புண்டாகி, ஆலையிற் குறுணல் பெருகும். அந்நேரம் குவித்து மூடுதல் நன்று. மழை முகம் காட்டினாலும் அவ்வாறே.

ஈரம் அளக்கும் கருவி இல்லாதவர் உப்பைக் கொண்டு சோதிக்கலாம். நமது கடற்காற்றில் உப்புத் தானாகவே நீர் விடுமாதலின், முதலில் அதை வறுத்து ஆறவிடுங்கள். உலர்ந்த கண்ணாடிப் போத்தலில் நெல்லையும் உப்பையும் இட்டுச் சில நிமிடம் குலுக்குங்கள். உப்புப் போத்தலில் ஒட்டினால் ஈரம் 15 க்கு மேல். ஒட்டாவிடினும் எல்லை 14 ஆகையால், இன்னும் அரைநாள் வெயில் கொடுங்கள்.

வருடச் சாப்பாட்டுக்கும் ஸக்காத்துக்கும் விதைக்கும் ஒதுக்கும் நெல்லை 13 அல்லது அதற்குக் கீழே உலர்த்தி, ஆறிய பின்னரே கட்டவும். பழைய சாக்குகளைக் கொதிநீரில் தோய்த்து வெயிலில் உலர்த்தினால் வண்டும் அந்தின் முட்டையும் அழியும். சாக்குகளைச் சீமெந்துத் தரையில் வைக்காது பலகைமேல், சுவரிலிருந்து ஒரு முழம் விலக்கி அடுக்குக. உண்ணும் நெல்லிற் பூச்சிமருந்துத் தூளைக் கலத்தல் ஒருபோதும் ஆகாது. பதினைந்து நாளுக்கொருமுறை ஒரு சாக்கை அவிழ்த்துச் சுளகில் இட்டுப் புடைத்துப் பாருங்கள். வண்டு காணின் அன்றே வெயிலிற் கொட்டுங்கள்.