பானெட்டுக்குள் தண்ணீர் படலாமா?

ஞாயிற்றுக்கிழமை காலை. அடுக்குமாடிக் குடியிருப்பின் வாகன நிறுத்தத்தில் ஓர் இளைஞர் காரின் பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு, வாளியும் துணியுமாக நிற்கிறார். நடைப்பயிற்சி முடித்து வரும் பெரியவர் பதறுகிறார்: "தம்பி, இன்ஜின்ல மட்டும் தண்ணி பட விட்டுடாதீங்க. அப்புறம் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது." பக்கத்து வண்டிக்காரர் குறுக்கிடுகிறார்: "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார். வாட்டர் சர்வீஸ்ல விட்டுப் பிரஷர்ல அடிச்சா புதுசு மாதிரி ஆயிடும்."

இரண்டுமே தவறு. ஆனால் பெரியவரின் பயம் கற்பனையில் பிறந்தது அல்ல. அவர் ஓட்டிப் பழகியது அம்பாசிடராகவோ பிரீமியர் பத்மினியாகவோ இருந்திருக்கும். அந்தக் கார்களில் ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பகிர்ந்து அனுப்பியது டிஸ்ட்ரிபியூட்டர். அதன் மூடிக்குள் ஈரம் இறங்கிவிட்டால், மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் ஈரத்தின் வழியே கசிந்துவிடும். மழைக்காலக் காலைகளில் மூடியைக் கழற்றி, உள்ளே துடைத்து, மறுபடி மாட்டிய பிறகே வண்டி கிளம்பும். 1983இல் வந்த மாருதி 800இன் கார்புரேட்டர் வண்டிகளுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர்தான்.

இன்றைய பெட்ரோல் கார்களில் அந்த டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது. பெரும்பாலானவற்றில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனி இக்னிஷன் காயில் உட்கார்ந்திருக்கிறது. ஒயர்கள் சேரும் கனெக்டர்களுக்குள் ரப்பர் சீல் இருக்கிறது. மழை நாளில் சாலையில் தேங்கிய தண்ணீர் கீழிருந்து தெறிக்கும் என்று கணக்குப் போட்டே இவற்றை வடிவமைக்கிறார்கள். ஆகவே கொஞ்சம் தண்ணீர் பட்டால் இன்ஜின் கெடாது. அது எந்த வேகத்தில், எந்த இடத்தில் படுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பக்கத்து வண்டிக்காரர் கோட்டை விடுவது இங்கேதான். மொட்டை மாடித் தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால், கீழே குழாயில் கிடைக்கும் அழுத்தம் சுமார் 1 பார். வீட்டு உபயோகப் பிரஷர் வாஷர்களோ சாதாரணமாக 100 பாரைத் தொடுகின்றன. வாகன எலெக்ட்ரானிக் பாகங்களில் பலவற்றுக்கு 'ஐபி67' என்ற தரக்குறி உண்டு. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் கிடந்தாலும் உள்ளே நீர் புகாது என்பது அதன் பொருள். அந்த ஆழத்தில் தண்ணீர் தரும் அழுத்தம் வெறும் 0.1 பார்! மூழ்கினாலும் தாங்கும் பாகம் பீய்ச்சினாலும் தாங்கும் என்று நினைப்பது தவறு. உயர் அழுத்தப் பீய்ச்சலுக்கு 'ஐபி69கே' என்ற வேறு சோதனையே இருக்கிறது.

அழுத்தத்தில் புகும் தண்ணீர் எங்கே போய் நிற்கும்? ஆல்டர்னேட்டருக்கு மூச்சு விடத் திறந்த துவாரங்கள் உண்டு. ஃபியூஸ் பெட்டியின் மூடி தெறிப்பைத் தடுக்குமே தவிர, பீய்ச்சலைத் தடுக்காது. காற்று இழுக்கும் வாய் நேராக ஏர் ஃபில்டருக்குப் போகிறது. பிளக் உட்கார்ந்திருக்கும் குழிக்குள் இறங்கிய தண்ணீர் எளிதில் வெளியேறாது. வண்டியை எடுத்ததும் இன்ஜின் குலுங்கி 'மிஸ்ஸிங்' ஆனால், முதலில் சந்தேகிக்க வேண்டிய இடம் அந்தக் குழிதான்.

அடுத்தது டீசல். லாரிப் பட்டறைகளில் அடிச்சட்டத்துக்கும் பட்டைகளுக்கும் டீசல் அடித்துக் கழுவிப் பழகியவர்கள், கார் இன்ஜினுக்கும் அதையே சிபாரிசு செய்கிறார்கள். பிசுக்கு கரையும், உண்மை. கூடவே ரப்பரும் கெடும். ரேடியேட்டர் ஹோஸ்களில் பெரும்பாலானவை இபிடிஎம் என்ற ரப்பரால் ஆனவை. சூட்டையும் கூலண்டையும் நன்றாகத் தாங்கும் இந்த ரப்பருக்குப் பெட்ரோலிய எண்ணெய்கள் ஆகாது. ஊறி, உப்பி, இளகிவிடும். மண்ணெண்ணெய்க்கும் இதே பேச்சுதான். பெட்ரோலைத் தொடவே கூடாது. பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரிலும் தீப்பற்றக்கூடிய ஆவியைக் கிளப்பும் பொருள் அது. பேட்டரி முனையில் ஒரு பொறி தட்டினால் போதும்.

"சூடா இருக்கும்போதே அடிச்சாதான் கிரீஸ் இளகும்" என்பார்கள். பாதி உண்மை. இளஞ்சூட்டில் பிசுக்கு எளிதாக விடும். ஆனால் ஓடி வந்து நின்ற வண்டியின் எக்சாஸ்ட் மேனிஃபோல்டில் குளிர்ந்த நீரைக் கொட்டினால், திடீர்ச் சுருக்கத்தில் விரிசல் விடலாம். சோப்பும் அங்கேயே காய்ந்து கறையாகும். வண்டியை நிறுத்தி அரைமணி நேரமாவது போகட்டும். இன்ஜின் மேல் கை வைத்துப் பொறுக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பிக்கலாம்.

இன்ஜினை ஓடவிட்டபடி கழுவினால் நீர் உள்ளே நிற்காது என்றும் ஒரு பேச்சு உண்டு. சுழலும் பெல்ட்டில் துணியோ துப்பட்டாவோ சிக்கினால் விரல் போய்விடும். சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் ரேடியேட்டர் விசிறி தானாகச் சுழலும்.

சுத்தமான இன்ஜின் அதிக மைலேஜ் தரும் என்பதற்கும் ஆதாரமில்லை. ரேடியேட்டர் தகடுகளில் அடைந்த தூசியும் அடைத்துக்கொண்ட ஏர் ஃபில்டரும் வேலையைக் கெடுக்கும். வெளிப்புற அழுக்கால் மைலேஜுக்குப் பெரிய வித்தியாசம் வராது. அப்படியானால் எதற்குச் சுத்தம் செய்வது? ஒழுக்கைக் கண்டுபிடிக்க. பிசுக்கும் தூசியும் அப்பிய இன்ஜினில் ஆயில் எங்கிருந்து கசிகிறது என்று நல்ல மெக்கானிக்குக்கே தெரியாது. துடைத்துவிட்டு நாலு நாள் ஓட்டினால் கசியும் இடம் தானாகக் கண்ணில் படும். பழைய கார் வாங்கப் போகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அன்று காலைதான் கழுவியதுபோல் மின்னும் இன்ஜின், ஒழுக்கைத் துடைத்து மறைத்ததாகவும் இருக்கலாம்.

செய்முறையில் பெரிய வித்தை இல்லை. ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி, காற்று வாய் ஆகியவற்றைப் பாலித்தீன் கவரால் மூடிக் கட்ட வேண்டும். முன் கண்ணாடிக்குக் கீழே தேங்கிய வேப்பிலைச் சருகுகளைக் கையால் அள்ள வேண்டும். அங்கே வடிகால் அடைத்தால் மழைநீர் காருக்குள்ளேயே இறங்கும். பிறகு ஸ்ப்ரே பாட்டிலில் கார் ஷாம்பு கலந்த நீர், பழைய பெயின்ட் பிரஷ், ஈரத்துணி போதும். எல்லாம் முடிந்ததும் கவர்களை எடுத்துவிட்டுப் பானெட்டைத் திறந்தபடி நன்றாகக் காயவிடலாம். ஷைன் வரப் பூசும் சிலிக்கோன் திரவம் பெல்ட்டில் பட்டால் வழுக்கிக் கிறீச்சிடும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

சுத்தமாக வைத்தால் எலி வராது என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். எலி வருவது கதகதப்புக்கும் ஒதுங்க இடம் தேடியும். புழுக்கை கண்ணில் பட்டால் காற்றடித்து ஊத வேண்டாம், உலர்ந்தபடி பெருக்கவும் வேண்டாம். புழுக்கை உள்ள இடத்தில் சிறுநீரும் இருக்கும்; எலியின் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் பரவக்கூடும். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, கிருமிநாசினி தெளித்து ஊறவிட்டு, ஈரத்தோடு துடைத்தெடுப்பதே பாதுகாப்பு.

ஹைப்ரிட், மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பானெட்டுக்குள் ஆரஞ்சு நிறத்தில் தடித்த கேபிள் தெரிந்தால் அது உயர் மின்னழுத்தப் பாதை. அங்கே குழாயும் வேண்டாம், ஸ்ப்ரே பாட்டிலும் வேண்டாம். பிழிந்த துணியால் மேல்மூடிகளைத் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மீதியைப் பயிற்சி பெற்றவர்கள் பார்க்கட்டும்.