பேச்சின் தொடக்கம்

பேச்சின் முதற்சொல்லே அவையோரின் செவியைத் திறக்கும். இதற்கு மதுரை மாநகரமே சான்று தரும்.

கள்வன் எனக் கொல்லப்பட்ட கோவலனுக்கு நீதி வேண்டி, ஒற்றைச் சிலம்புடன் பாண்டியன் அவை புகுந்தாள் கண்ணகி. அவள் யாரென மன்னன் வினவினான். சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில், அவள் தன் பெயரை முதலிற் கூறவில்லை. ஆராய்ந்தறியாத அரசன் என்றே அவனை விளித்தாள். வழக்கு முழுவதும் அவ்விளியிலே அடங்கிற்று. அடுத்து, புறாவின் துயர் துடைத்த சோழனையும், பசுவின் கண்ணீருக்காக மகனையே தேர்க்காலிலிட்ட சோழனையும் நீதிக்கு அளவுகோலாக நிறுத்தினாள். அதன் பின்னரே ஊரையும் பெயரையும் உரைத்தாள்.

மாணவர்களே, நீங்களும் கருத்தை முன்வைத்துத் தொடங்குங்கள். ஆயினும், சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்த பின்பன்றோ மன்னன் தன் பிழை உணர்ந்தான்! மெய்ச்சான்று துணைநின்றாலன்றித் துணிவான தொடக்கம் நிலைபெறாது.