தொட்டியைத் தாங்கும் மரம்: சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

கனமான பொருளைத் தாங்கக் கனமான மரந்தான் வேண்டும் என்ற அபிப்பிராயம் நம்மவர் மனத்தில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பதை, ஆறடி நீளத்தில் ஒரு மீன்தொட்டிக்குச் சொல்லிவிட்டு, அதற்கு மர ஸ்டாண்டு ஒன்று வேண்டுமென்று தியாகராய நகரிலோ மந்தைவெளியிலோ உள்ள ஒரு தச்சரிடம் போய் நின்றால் பிரத்தியட்சமாகக் காணலாம். "நாலுக்கு நாலு கால் போட்டுடலாம் சார், யானை ஏறி நின்னாலும் அசையாது" என்று அவர் சொல்வார். கொளத்தூர் மீன்கடைக்காரரோ, ஸ்டாண்டு எப்படியிருந்தால் என்ன, அடியில் தெர்மோகோல் போட்டுவிட்டால் போதும் என்பார். மரமே கூடாது, இரும்பு ஆங்கிள்தான் ஆயுசுக்கும் நிற்கும் என்பது எதிர்வீட்டுக்காரர் கட்சி. தொட்டி ஈசானிய மூலையில் இருந்தால் மற்றதெல்லாம் தானே சரியாகும் என்று வீட்டுப் பெரியவர் முடித்துவிடுவார். நால்வரும் நல்லெண்ணத்தோடுதான் பேசுகிறார்கள். நால்வர் சொல்வதிலும் உண்மையின் அம்சம் கொஞ்சம் உண்டு. ஆனாலும் தொட்டியை ஆபத்துக்கு உள்ளாக்கும் விஷயம் இன்னதென்று அவர்களில் ஒருவரும் சொல்லவில்லை.

முதலில் பாரத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்றால் 24 கன அடி. கன அடிக்கு 28 லிட்டருக்குச் சற்று அதிகம் என்பதால், விளிம்புவரை நிரப்பினால் சுமார் 680 லிட்டர் பிடிக்கும். லிட்டருக்கு ஒரு கிலோ. மேலே இரண்டு அங்குலம் விட்டு நிரப்பினாலும் 620 கிலோ தண்ணீர் நிற்கும். 12 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 30 கிலோ வீதம் ஏறக்குறைய 120 கிலோ வரும். அடியில் இரண்டு அங்குலத்துக்குப் பரப்பும் கூழாங்கல், தான் இடம்பெயர்க்கும் நீரைக் கழித்த பிறகும், இன்னும் ஐம்பது அறுபது கிலோவைச் சேர்க்கும். ஆக 800 கிலோ. ஸ்டாண்டின் சொந்த எடையையும், கீழே வைக்கும் வடிகட்டும் தொட்டியையும் கூட்டினால் ஒரு டன்னை எட்டிவிடும். இந்த எண்ணைக் கேட்டதும் பயந்துபோய் நாலு அங்குலக் கால்களுக்கு முன்பணம் கொடுத்துவிடுவது மனித சுபாவம்.

ஆனால் மரத்தின் சுபாவம் வேறு. நார் ஓடும் திசையில் நிறுத்தி வைத்த மரம் நசுங்காமல் தாங்கும் பாரம் நாம் நினைப்பதைக் காட்டிலும் மிகப் பெரிது. இரண்டங்குலச் சதுரத்தில் நல்ல தேக்குக் கால் ஒன்று, இரண்டரை அடி உயரத்துக்குள் இருக்குமாயின், தனியாகவே ஒரு டன்னுக்குமேல் சுமக்கும். ஆறு கால் போட்டால் அவற்றின்மீது பாரம் சமமாக இறங்குவதுமில்லை: நடுவிலுள்ள இரண்டு கால்களும் மொத்தத்தில் பாதிக்குமேல் வாங்கிக்கொள்ள, எல்லோரும் கவலைப்பட்டுப் பருமனாக்குகிற மூலைக்கால் ஒவ்வொன்றும் நூறு கிலோவை ஒட்டியே சுமக்கிறது. ஆகவே காலின் பருமனைப் பற்றிய விசாரம் பெரும்பாலும் வீண். பாரம் எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்பதைத்தான் விசாரிக்க வேண்டும். அதாவது, தொட்டியைத் தாங்கும் மேற்சட்டம் கால்களின் தலைமீது உட்கார்ந்திருக்கிறதா, அல்லது காலின் பக்கவாட்டில் நாலு ஸ்க்ரூவைக் கடித்துக்கொண்டு தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பின்னதாயின், நாலங்குலக் கால் வெறும் அலங்காரம். தொட்டியைத் தாங்குபவை அந்த ஸ்க்ரூக்கள்தாம். கழுந்தும் துளையுமாகப் பொருத்தத் தெரிந்த பழைய ஆசாரிகள் இந்தத் தவறைச் செய்யமாட்டார்கள். மின்சார டிரில்லின் வேகம் வந்தபிறகு பரவிய பழக்கம் இது.

மேற்சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாலுக்கு இரண்டு கட்டையைப் படுக்கையாகப் போட்டால் பார்வைக்கு அகலமாக, பலமாகத் தோன்றும். அதே கட்டையை நிமிர்த்தி வைத்தால் வளைவு நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடும், ஏனெனில் அகலத்தை இரட்டித்தால் விறைப்பும் இரட்டிப்பதோடு சரி, ஆழத்தை இரட்டித்தாலோ எட்டு மடங்காகிறது. நடுவில் ஒரு ஜோடிக் கால் கொடுத்து ஆறடி இடைவெளியை மூன்றடியாக்கினால் சட்டத்தின் வளைவு பதினாறில் ஒரு பங்குகூட இராது. கட்டையை நிமிர்த்துவது ஒரு ரூபாய் மரம்கூட அதிகம் வாங்காமல், இருப்பதைத் திருப்பி வைத்தே அடையக்கூடிய லாபம் என்பதை மரவாடிக்காரர்கள் நமக்குச் சொல்லித் தரமாட்டார்கள்.

நேர்கீழாக அழுத்தும் பாரத்துக்கு ஈடு கொடுப்பது சுலபம் என்றால், பின் ஸ்டாண்டுகள் ஏன் விழுகின்றன? பக்கவாட்டில் சாய்வதனால். தீப்பெட்டியின் உள்தட்டை உருவிவிட்டு, மேலுறையை மட்டும் மேசைமீது நிறுத்தி, மேலிருந்து நேராக அழுத்திப் பாருங்கள், ஓரளவு தாங்கும். பக்கத்திலிருந்து ஒரு விரலால் தள்ளுங்கள், சாய்ந்து படுத்துவிடும். கால்களும் சட்டங்களும் மட்டுமே உள்ள ஸ்டாண்டின் கதி இதுவே. குழந்தை ஒன்று அதைப் பிடித்து எழுந்து நின்றாலும், தண்ணீர் மாற்றும்போது தொட்டிக்குள் அலை எழுந்தாலும், அந்தத் தள்ளலுக்கு ஆளாவது உயரத்தில் நிற்கும் ஒரு டன் பாரம். சென்னையை நிலநடுக்கம் எட்டாது என்ற நம்பிக்கையும் இவ்விடத்தில் கைகொடுக்காது. 2002இல் திருத்தப்பட்ட இந்தியத் தர நிர்ணயம் இந்நகரை மூன்றாம் மண்டலத்தில் சேர்த்திருக்கிறது. சுமத்ராவுக்கு அப்பால் 2012 ஏப்ரல் 11 அன்று கடலடியில் பூமி அசைந்தபோது இங்கே மாடிக்கட்டடங்களிலிருந்து ஜனங்கள் தெருவுக்கு ஓடிவந்தது பலருக்கு நினைவிருக்கும். பரிகாரம் மிகச் சாமானியமானது: ஸ்டாண்டின் முதுகுப்புறம் முழுவதற்கும், இரு பக்கங்களுக்கும், 12 மில்லிமீட்டர் பிளைவுட்டைப் பசையிட்டு நெருக்கமாக ஸ்க்ரூ அடித்துவிட்டால் சாய்வு என்பதே இல்லை. குழாய்க்கு வேண்டிய துவாரம் போதும். பம்பை எடுக்கச் சௌகரியமென்று முதுகுப் பலகையில் பாதியை அறுத்தெறிகிறவர், தாம் அறுப்பது ஸ்டாண்டின் முதுகெலும்பு என்பதை உணர்வதில்லை.

அடுத்தது சமதளம். இது முன்னோர்களைக் காட்டிலும் நம்மை ஏன் அதிகம் வாட்டுகிறது என்பதற்குச் சரித்திர காரணம் உண்டு. நம் நகருக்கு மீன்தொட்டி புதிதல்ல. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் 1909இல் மெரினாவில் திறந்த மீன்காட்சிச்சாலை, இரண்டாம் உலக யுத்தத்தின்போது மூடப்படும்வரை, ஜனங்களை ஈர்த்தது. பிலிப் ஹென்றி காஸ் 1854இல் தம் நூலை வெளியிட்டு ஆங்கிலேய இல்லங்களில் இந்த மோகத்தைக் கிளப்பிய காலம் முதற்கொண்டு நூறாண்டுகளுக்கு, வீட்டுத் தொட்டி என்பது இரும்புச் சட்டத்துக்குள் கண்ணாடியைப் புட்டி வைத்துப் பதித்ததாகவே பெரும்பாலும் இருந்தது. அடித்தளம் பல சமயங்களில் கற்பலகை. மேசை கொஞ்சம் கோணலாயிருந்தாலும் அந்தச் சட்டம் பொறுத்துக்கொண்டது. 1960களில் சிலிக்கோன் பசை வந்தது, சட்டம் போயிற்று. இன்று கொளத்தூரில் ஒட்டித் தருகிற தொட்டியில் கண்ணாடியைத் தவிர வேறொன்றுமில்லை; இரும்புச் சட்டம் செய்த வேலை முழுவதும் ஸ்டாண்டின் தலையில் விழுந்துவிட்டது. கண்ணாடி அழுத்தத்தைத் தாங்கும், முறுக்கலைத் தாங்காது. ஒரு மூலை மூன்று மில்லிமீட்டர் தாழ்ந்தால், நாளடைவில் அந்த மூலையின் சிலிக்கோன் பிரியும், அல்லது அடிக்கண்ணாடி ஒரு நள்ளிரவில் கீறும்.

இதற்குத் தெர்மோகோல் மருந்தாகுமா? அரை அங்குலத் தெர்மோகோல் ஒரு மணல் துகளையோ தலைநீட்டிய ஆணியையோ விழுங்கிக்கொள்ளும். அந்த அளவில் அது உத்தமமான காரியமே. வளைந்த சட்டத்தை நிமிர்த்தும் சக்தி அதற்குக் கிடையாது. மேலும், பிளாஸ்டிக் விளிம்பில் நின்று அடிக்கண்ணாடி அந்தரத்தில் இருக்கும்படி செய்த வெளிநாட்டுத் தொட்டிகளுக்கு அது தீங்கே செய்யும், கண்ணாடியைக் கீழிருந்து மேல்நோக்கி அழுத்துவதால். மேற்சட்டத்தை இழைப்புளியால் இழைத்து, நீளவாட்டிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் நேர்ப்பலகை வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து பார்ப்பதற்கு மாற்று ஒன்றுமில்லை.

மர வகையைப் பற்றிய ஐதீகங்கள் ஏராளம். தேக்கைக் கறையான் தொடாது என்பது பாதி உண்மை: வைரம் பாய்ந்த உட்பகுதியிலுள்ள எண்ணெய்ச் சத்துகள் அதை விலக்குகின்றன, வெளியே வெளுத்திருக்கும் பகுதியைக் கறையான் மற்ற மரத்தைப் போலவே தின்னும். வால்டாக்ஸ் சாலை மரவாடிகளில் கன அடிக் கணக்கில் வாங்கும்போது கட்டையின் ஓரத்தில் அந்த வெள்ளைப் பட்டை எவ்வளவு என்று பார்க்காமல் 'தேக்கு' என்ற பெயருக்குப் பணம் கொடுப்பவர் பலர். மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றி இடிபடும் பழைய வீடுகளிலிருந்து வரும் பர்மா தேக்கு உத்தரங்கள், அரை நூற்றாண்டுக்குமேல் உலர்ந்தவையாதலால், இனிக் கோணாது, முறுக்காது. என் அபிப்பிராயத்தில் இந்தக் காரியத்துக்கு அவற்றைவிடச் சிறந்த மரம் இந்நகரில் கிடைப்பதில்லை. எனினும் சுண்ணாம்புச் சுவருக்குள் புதைந்திருந்த முனைகள் ஈரத்தில் உளுத்திருக்கும். கொட்டாப்புளியால் தட்டிக்கொண்டே போனால் நல்ல மரத்தின் கணீரென்ற ஓசை திடீரென்று மங்கும் இடம் தெரியும். அந்த இடத்துக்கு ஒரு முழம் முன்னாலேயே அறுத்துவிட வேண்டும்.

மெரைன் பிளைவுட் தண்ணீரில் ஊறாது என்பது விற்பவர் சொல்லும் வாசகம். ஐ.எஸ். 710 முத்திரை பெற்ற பலகையின் துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுப் பரீட்சிக்கிறார்கள். அதில் தேறுவது பசை. அடுக்குகள் பிரியாது என்பதே அதன் பொருள். அறுபட்ட விளிம்பின் வழியே மரம் ஈரத்தை உறிஞ்சத்தான் செய்யும். ஆகையால் முகப்புக்கு மைக்கா ஒட்டிப் பளபளப்பாக்குவதைவிட, கண்ணுக்குத் தெரியாத விளிம்புகளுக்கு இரண்டு பூச்சு வார்னிஷ் கொடுப்பது பிரயோஜனமானது. பார்ட்டிகிள் போர்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரத்துத் தரைத்தளங்களுக்குள் புகுந்தபின் அந்த அலமாரிகள் என்ன ஆயின என்று அங்குள்ளோரைக் கேட்கலாம். காலுக்கடியில் ஒரு அங்குலக் கருங்கல் துண்டு கொடுத்தால் தரை துடைக்கிற ஈரம் மரத்துக்கு ஏறாது. கீழ் அலமாரிக்குக் காற்றோட்டம் வேண்டும். மூடிவைத்த வடிகட்டும் தொட்டியின் ஆவி உள்ளேயே நின்று மரத்தைப் பூசணம் பிடிக்கச் செய்யும்.

இரும்புக் கட்சிக்காரருக்குப் பதில் சொல்லக் கடற்காற்றே போதும். பெசன்ட் நகரிலும் சாந்தோமிலும் ஜன்னல் கம்பிகள் துருவேறுவதைத் தினமும் காண்கிறோம். ஆங்கிள் ஸ்டாண்டில் துரு முதலில் பிடிப்பது பெயின்ட் சரியாகப் படாத வெல்டிங் மூட்டில், அதாவது பலம் மிக அவசியமான இடத்தில். வருஷந்தோறும் சுரண்டிப் பெயின்ட் அடிப்பவருக்கு இரும்பு நல்லது. நிறைந்த தொட்டியை நகர்த்தாமல் அதன் பின்புறத்தைச் சுரண்டுவது எப்படி என்பதை அவர்தாம் விளக்க வேண்டும்.

இனி, ஸ்டாண்டைத் தாங்கும் தரை. நம் குடியிருப்பு அறைகளின் தளங்கள் ஐ.எஸ். 875இன்படி சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ, அதாவது சதுர அடிக்கு 20 கிலோவுக்கும் குறைவான பாரத்துக்கு வரையப்படுகின்றன. நம் தொட்டியோ தன் பன்னிரண்டு சதுர அடியில் அடிக்கு 80 கிலோவுக்குமேல் இறக்குகிறது. இதைக் கேட்டுக் கலங்கவும் வேண்டாம், அலட்சியம் செய்யவும் வேண்டாம். அந்த 200 கிலோ தளம் முழுவதும் ஒரே சமயத்தில் நிறைந்திருப்பதாக எண்ணிப் போட்ட கணக்கு. அறை முழுவதற்கும் கூட்டினால் இரண்டு டன்னைத் தாண்டும். ஆகவே அடுக்குமாடிக் கட்டடத்தில் தொட்டியைத் தாங்கு சுவரையோ பீமையோ ஒட்டி வைப்பது வழக்கமான விவேகம். கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் வரைபடத்தைக் காட்டி ஒரு வார்த்தை கேட்பது அதிலும் விவேகம். மயிலாப்பூரின் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகள் வேறு ஜாதி. தேக்கு உத்தரங்களின்மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட அந்த மாடித்தளங்களில், உத்தரத்தின் முனை சுவருக்குள் எந்த நிலையில் இருக்கிறதென்று தெரியாமல், ஒரு டன்னை ஏற்றக் கூடாது. அத்தகைய வீட்டில் தொட்டிக்கு உரிய இடம் கீழ்க்கட்டு.

ஈசானிய மூலையைப் பற்றி எனக்கு வாதமில்லை. வாஸ்து நூல்கள் எழுந்த காலத்தில் வரவேற்பறைக் கண்ணாடித் தொட்டி என்ற வஸ்து உலகத்திலேயே கிடையாது. அந்த மூலையில் பீமும் இருந்து, மேற்கு வெயிலும் படாதிருந்தால் வைக்கலாம். இல்லாவிட்டால் பீம் இருக்கும் மூலையே சுபம்.

கடைசியாக, வைத்தவுடன் நிரப்பிவிடலாம் என்ற அவசரம். நம் வீட்டுத் தரைகள், கழுவிவிட்ட நீர் ஓடுவதற்காக, சற்று வாட்டத்தோடு போடப்பட்டவை. கண்ணுக்குச் சமமாகத் தோன்றும் மொசைக் தரையில் ரசமட்டத்தின் குமிழி ஓரத்துக்கு ஓடும். காலி ஸ்டாண்டைக் கருங்கல் துண்டுகளாலும் தகட்டாலும் மட்டப்படுத்திக்கொண்டு, கால் பாகம் நிரப்பி, நீர்மட்டத்துக்கும் கண்ணாடியின் மேல்விளிம்புக்கும் உள்ள தூரத்தை நான்கு மூலையிலும் அளக்க வேண்டும். ஒரு நாள் விட்டுப் பாதி, மறுநாள் முழுவதும் நிரப்பி, ஒவ்வொரு தடவையும் அளக்க வேண்டும். வித்தியாசம் வளர்ந்துகொண்டே போனால் நீரை முழுவதும் இறக்கிவிட்டுத்தான் ஆப்பு வைக்க வேண்டும். நிறைந்த தொட்டியின்கீழ் கடப்பாரை கொடுத்து நெம்பலாம் என்று சொல்லுகிறவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.