மெத்தென்ற பொம்மையும் மருத்துவமனைப் புகையும்

பல் முளைக்கும் குழந்தை கடிக்கும் மெத்தென்ற பொம்மைக்கும் ரத்தம் ஏற்றும் பைக்கும் என்ன உறவு? பல சமயம் இரண்டும் பி.வி.சி. என்னும் ஒரே பிளாஸ்டிக்தான்.

பி.வி.சி. இயல்பில் விறைப்பானது. நம் குளியலறைத் தண்ணீர்க் குழாயைப் பாருங்கள். அதை வளைய வைக்கத் தாலேட் என்ற எண்ணெய் போன்ற பொருளைக் கலக்கிறார்கள். கலந்தாலும் அது பிளாஸ்டிக்கோடு இறுகப் பிணைவதில்லை. எச்சிலிலும் ரத்தத்திலும் சிறிது சிறிதாகக் கசியும். எலிகளிடம் செய்த சோதனைகளில் சில தாலேட்டுகள் ஆண் குட்டிகளின் இனப்பெருக்க உறுப்பு வளர்ச்சியைக் கெடுத்தன. அதனால் ஐரோப்பிய ஒன்றியம் 1999 டிசம்பரில், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் வாயில் வைக்கும் பொம்மைகளில் இவற்றைத் தற்காலிகமாகத் தடை செய்தது. 2005-ல் தடை நிரந்தரமாயிற்று. நம் நாட்டில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஆர்.கே.புரம் வாரச் சந்தையில் கூடையில் குவித்து விற்கும் பொம்மைகளில் நான் அந்த முத்திரையைத் தேடுவேன்; பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்புவேன். (பால் புட்டிக்கு விதி வேறு. 2015-ன் இந்தியத் தரம், பிஸ்பினால்-ஏ கலந்த பாலிகார்பனேட்டை விலக்கியது. பரணிலுள்ள பழைய புட்டியைப் பேரனுக்கு எடுத்துக் கொடுக்க வேண்டாம்.)

இனி, தூக்கி எறிந்த பிறகு நடப்பது. பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். எரித்தால் டையாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டாகிறது. நெருப்பில் போட்டால் எல்லாம் சுத்தம் என்பது நம் பழைய எண்ணம். நெருப்பு கிருமியைக் கொல்லும், சரி. இந்த நஞ்சைப் பிறப்பிப்பதும் அதே நெருப்புதான். டில்லிக் குப்பை பற்றி வழக்கறிஞர் பி.எல். வதேரா தொடுத்த வழக்கில் 1996 மார்ச்சில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 50 படுக்கைகளும் அதற்கு மேலும் உள்ள அரசு மருத்துவமனைகள் எரிஉலையோ வேறு தக்க முறையோ அமைக்க உத்தரவிட்டது. சப்தர்ஜங், எய்ம்ஸ் இரண்டும் நமக்குப் பக்கத்திலேயே இருப்பதால் புகையைப் பற்றிய கேள்வி நமக்கு அந்நியமானதல்ல. 1998-ன் மருத்துவக் கழிவு விதிகள், குளோரின் கலந்த பிளாஸ்டிக்கை எரிக்கவே கூடாது என்றன. ஆகவே டியூப், சிரிஞ்சு போன்றவை தனிப் பையில் சேர்ந்து, நீராவியில் கிருமி நீக்கப்பட்டு, துண்டாக்கப்பட வேண்டும்.

டையாக்சின் கொழுப்பில் தங்கும். பால், முட்டை, மீன் வழியாக நம்மிடம் வந்து தாய்ப்பாலிலும் சேரும். இதைக் கேட்டுத் தாய்மார்கள் பயப்பட வேண்டாம். அப்படியிருந்தும் தாய்ப்பாலே சிறந்தது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு.

வீட்டு இன்சுலின் ஊசிகளைக் கெட்டியான டப்பாவில் போட்டு மூடி, தனியாகக் கொடுங்கள். குப்பை பிரிப்பவர் கையில் அவை குத்தக் கூடாது. குளிர்காலத்தில் சவுக்கிதார் குளிர் காயக் கொளுத்தும் குவியலில் பொம்மை, செருப்பு, ஒயர் எல்லாம் எரிகின்றன. குப்பை எரித்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் உத்தரவிட்டது. எங்கள் பிளாக்கில் நாலு வீட்டார் சேர்ந்து அவருக்கு ஒரு ரஜாய் வாங்கிக் கொடுத்தோம்.