காலையில் புகை, மாலையில் இடி: கோடையை எப்படிக் கடப்போம்?



மாசி முடிஞ்சு பங்குனி பிறந்தாச்சு. சேமிப்பு, கடன், வட்டி என்று மாதாமாதம் படிக்கிறோம். இந்த மாதப் பாடம் வானத்தைப் பற்றியது. தேனி, போடி, பெரியகுளம், கொடைக்கானல் என்று மலையிலும் மலையடிவாரத்திலும் இருக்கும் நமக்குக் கோடைத் தொடக்கம் இரண்டு ஆபத்துகளைக் கொண்டு வருகிறது. ஒன்று காட்டுத் தீயின் புகை. இன்னொன்று கோடை மழையோடு வரும் இடி மின்னல். விறகு பொறுக்கும்போது, ஆடு மேய்க்கும்போது, களையெடுக்கும்போது, அதாவது நாம் வெளியே இருக்கும் நேரத்தில்தான் இரண்டும் வருகின்றன.

காடு ஏன் எரிகிறது?

தை, மாசியில் மழை இல்லை. மலையில் புல் காய்ந்து, சருகு முழங்கால் உயரம் சேர்ந்துவிடுகிறது. ஒரு பீடித் துண்டு போதும். நம் நாட்டில் காட்டுத் தீ பெரும்பாலும் மனிதர்களால்தான் பிடிக்கிறது. புதுப்புல் முளைக்கட்டும் என்று வைக்கும் நெருப்பு, வயல் வரப்பில் வைத்த நெருப்பு, சமைத்துவிட்டு அணைக்காமல் வந்த அடுப்பு என்று காரணம் பல.

2018 மார்ச் 11 அன்று போடி அருகே குரங்கணி மலையில் தீ பரவியது. மலையேற வந்திருந்தவர்கள் நடுவில் சிக்கி, 23 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் பெண்கள் பலர். 2024 ஏப்ரல் கடைசியிலும் கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் பல நாள் காடு எரிந்தது.

தீ மேட்டை நோக்கித்தான் வேகமாக ஓடும். கீழே எரியும் நெருப்பின் அனல் மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடும். ஆகவே கீழே தீ தெரிந்தால் மேலே ஓடாதீர்கள். பக்கவாட்டில் விலகி, புல் இல்லாத பாறைக்கோ ஓடைக்கோ போய்ச் சேருங்கள்.

புகை ஏன் காலையில் அதிகம்?

ராத்திரியில் மலைக்காற்று குளிர்ந்து கீழே இறங்கும். புகையையும் சேர்த்துக்கொண்டு வந்து ஊருக்குள் தேங்கிவிடும். வெயில் ஏறினால்தான் தரை சூடாகிப் புகை மேலே எழும்பும். அதனால்தான் விடியற்காலையில் கண் எரிகிறது, தொண்டை கரகரக்கிறது.

புகையில் உள்ள நுண்தூசி நம் தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குதான். நுரையீரலின் அடி வரை போய்விடும். முந்தானையைச் சுற்றிக்கட்டினால் சாம்பல் நிற்கும், இந்தத் தூசி நிற்காது. மூக்கோடு ஒட்டிப் பொருந்தும் 'என் 95' முகக்கவசம்தான் ஓரளவு தடுக்கும்.

புகை இருக்கும் நாட்களில்:

1. கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், வயதானவர்கள், இழுப்பு உள்ளவர்கள் காலையில் வெளியே வர வேண்டாம். புகை வரும் பக்கத்துக் கதவு, சன்னலை மூடி வையுங்கள்.
2. அன்றைக்கு வாசலில் குப்பை கொளுத்தக் கூடாது. விறகடுப்பாக இருந்தால் காற்றோட்டமான இடத்தில் சமையுங்கள். மலைப்புகையோடு வீட்டுப்புகையும் சேரக் கூடாது.
3. இழுப்புக்கு மருந்து எடுப்பவர்கள் தீரும் முன்பே வாங்கி வையுங்கள்.
4. மூச்சு வாங்கிப் பேச முடியவில்லை, நெஞ்சு வலிக்கிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் காத்திருக்காமல் 108-க்குச் சொல்லுங்கள்.

மதியம் வெயில், சாயங்காலம் இடி

மார்ச் முதல் மே வரை தமிழ்நாட்டில் சராசரியாகச் சுமார் 12 சென்டிமீட்டர் மழைதான் கிடைக்கிறது. மழை கொஞ்சம், இடி அதிகம். காலை முழுக்கக் காய்ந்த தரையிலிருந்து சூடான காற்று மேலே எழும்பும். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று அதோடு சேரும், மலையும் அதைத் தூக்கிவிடும். மதியத்துக்கு மேல் மேகம் கோபுரம் மாதிரி வளர்ந்து கறுக்கும். ஆகவே கோடை இடி பெரும்பாலும் பிற்பகலிலும் சாயங்காலத்திலும்தான்.

இங்கேதான் இரண்டு ஆபத்தும் சந்திக்கின்றன. 'மேகம் கூடிருச்சு, மழை வந்து தீயை அணைச்சிரும்' என்று நினைப்போம். ஆனால் மழைக்கு முன்னால் மேகத்திலிருந்து குளிர்ந்த காற்று சூறையாக இறங்கும். அமைதியாக எரிந்துகொண்டிருந்த தீ அந்தக் காற்றில் திடீரென்று திசை மாறிப் பாயும். மழை வருவதை நம்பி எரிகிற மலைப்பக்கம் ஆட்டைத் தேடிப் போகாதீர்கள்.

வானொலியில் சொல்வதற்கு என்ன அர்த்தம்?

'ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை' என்றால், நூறு இடத்தில் 25 இடம் வரை மழை பெய்யலாம் என்று பொருள். 'ஒருசில இடங்களில்' என்றால் பாதி இடம் வரை. ஓரிரு இடம்தானே என்று விட்டுவிடக் கூடாது. அந்த ஓரிடம் நம் ஊராகவும் இருக்கலாம்.

நிறமும் சொல்வார்கள். மஞ்சள் என்றால் கவனமாக இரு. ஆரஞ்சு என்றால் தயாராக இரு. சிவப்பு என்றால் உடனே செயல்படு. கைப்பேசி வைத்திருக்கும் பிள்ளைகளிடம் 'தாமினி' செயலியை இறக்கித் தரச் சொல்லுங்கள். புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் தயாரித்தது. சுற்றி 20 முதல் 40 கிலோமீட்டருக்குள் மின்னல் வந்தால் எச்சரிக்கும்.

செயலி இல்லாவிட்டால் காது போதும். மின்னல் வெட்டியதும் ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். இடிச்சத்தம் வர ஒவ்வொரு மூன்று எண்ணிக்கைக்கும் ஒரு கிலோமீட்டர் தூரம். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அது நம்மைத் தொடும் தூரம். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகே வெளியே வர வேண்டும்.

இடி இடித்தால்

- 'அர்ஜுனா, அர்ஜுனா' என்று சொல்வது நம் வழக்கம். சொல்லிக்கொண்டே கான்கிரீட் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கதவு மூடிய பஸ், வேனும் பாதுகாப்புதான்.
- புளியமரத்தடியில் கூட்டமாக நிற்பதுதான் பெரிய ஆபத்து. மரத்தில் விழும் மின்னல் தரை வழியாகவும் பரவும். மாடுகள் மரத்தடியில் கூட்டமாகச் சாவது இதனால்தான்.
- மண்வெட்டி, அரிவாளைக் கீழே போடுங்கள். கிணறு, கண்மாய், கம்பி வேலியை விட்டு விலகுங்கள்.
- ஒதுங்க இடமே இல்லையென்றால் பள்ளமான இடத்தில் கால்களைச் சேர்த்துக் குந்துங்கள். படுக்க வேண்டாம். ஒருவருக்கொருவர் தள்ளி இருங்கள்.
- வீட்டில் சார்ஜ் போட்டபடி செல்போன் பேச வேண்டாம்.
- மின்னல் தாக்கியவர் உடம்பில் கரண்ட் தங்காது, தைரியமாகத் தொடலாம். மூச்சு இல்லையென்றால் மார்பின் நடுவில் விடாமல் அழுத்திக்கொண்டே 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள்.

நம் நாட்டில் மின்னல் வருடத்துக்கு 2,500 பேருக்கு மேல் பலி வாங்குகிறது. பலர் வயலில் வேலை செய்தவர்கள்.

கூலியா, உயிரா?

இதையெல்லாம் படித்துவிட்டு, 'நின்னா மேஸ்திரி கூலியைப் பிடிப்பாரே, ஆடு போச்சுன்னா யாரு தருவா?' என்று நீங்கள் கேட்பது எங்களுக்குப் புரிகிறது. கேள்வி நியாயமானது. ஒருத்தி மட்டும் வேலையை நிறுத்தினால் சோம்பேறி என்பார்கள். இருபது பேரும் சேர்ந்து நிறுத்தினால் அது ஊர் வழக்கமாகிவிடும். இதற்குத்தானே குழு வைத்திருக்கிறோம்!

ஆகவே அடுத்த கூட்டத்தில் இந்த மூன்றையும் பேசித் தீர்மான நோட்டில் எழுதுங்கள்:

1. இடிச்சத்தம் கேட்டதும் எல்லோரும் சேர்ந்து வேலையை நிறுத்துவோம். விட்ட நேரத்தை மறுநாள் செய்து கொடுப்பதாக வேலை தருபவரிடம் சீசன் தொடங்கும் முன்பே பேசிவிடுவோம்.
2. வைகாசி முடியும் வரை நம் குழுவில் யாரும் மலையோரத்தில் நெருப்பு வைக்க மாட்டோம். தீயைப் பார்த்தால் உடனே வனத்துறைக்கோ, 1077 என்ற மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கோ சொல்வோம். நாமே அணைக்க மேலே ஏற மாட்டோம்.
3. தனியாக மலைக்குப் போக மாட்டோம். இரண்டு பேராகப் போவோம். எந்தப் பக்கம் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போவோம், மதியத்துக்குள் இறங்கிவிடுவோம்.

கூட்டத்தில் பேச: இடி நேரத்தில் நம் ஊரில் ஒதுங்கத்தக்க கட்டடங்கள் எவை? பள்ளிக்கூடமா, ஊராட்சி அலுவலகமா? சாவி யாரிடம் இருக்கிறது? நம் குழுவில் இழுப்பு உள்ளவர்கள் யார்? கர்ப்பிணிகள் யார்?

சாவி இருக்கும் வீட்டை மட்டுமாவது இந்த வாரமே தெரிந்துகொள்ளுங்கள். மழை கறுத்த பிறகு தேட நேரம் இருக்காது.